தட்டினால் இறுக்கு

ஐஸ் வீட்டுக்காரர்களுக்கும் ஷெட்டுக்காரர்களுக்கும் எதிலும் ஒத்துப்போகாது. ஆனால் அடித்துக்கொண்டால் போய்ப் படுப்பதற்கு ஊரில் ஒரே ஒரு ஆஸ்பத்திரிதான் இருந்தது. காலையில் ஒருத்தன் மண்டையை இன்னொருத்தன் உடைப்பான். மத்தியானம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் டோக்கனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பெஞ்சில்தான் ஐஸ் வீட்டுப் பெண்ணான அவள் ஷெட்டு வெல்டரை முதன்முதலில் பார்த்தாள். அவள் தன் அண்ணனுக்குப் புருவத்தில் தையல் போடக் கூட்டிவந்திருந்தாள். அவன் தன் பெரியப்பா மகனுக்கு இறங்கிப்போன தோளை ஏற்றிவிடக் கூட்டிவந்திருந்தான். புருவத்தைக் கிழித்தவன் அந்தத் தோள்காரன், தோளை இறக்கியவன் அந்தப் புருவக்காரன். கூட வந்த இரண்டு பேருக்கும் வேறு வேலை இல்லை, பேச ஆரம்பித்தார்கள். காதல் வருவதற்கு உலகத்தில் நல்ல இடங்கள் எத்தனையோ இருக்கின்றன. வந்து தொலைத்தது அங்கே.

ஐஸ் வீடு என்பது மீன் மார்க்கெட்டுக்கு ஐஸ் கொடுக்கும் தொழிற்சாலை. கீழே ஐஸ், மாடியில் குடும்பம், பின்பக்கம் சண்டை பழக்கும் கூடம். ஷெட் என்பது லாரிப் பட்டறை, அங்கேயும் ஒரு கூடம் உண்டு. அவள் அப்பாவும் வெல்டரின் பெரியப்பாவும் ஒரு காலத்தில் ஒரே வாத்தியாரிடம் ஒரே பாயில் புரண்டவர்கள். வாத்தியார் கண்ணை மூடியதும் கூடம் யாருக்கு என்று முறைத்துக்கொண்டார்கள். பிறகு மார்க்கெட்டின் பின்வாசல் கேட் யாருக்கு என்று வெட்டிக்கொண்டார்கள். அந்தக் கேட்டைக் கையில் வைத்திருப்பவன் தலையசைக்காமல் ஒரு பெட்டி மீன் உள்ளே போகாது. மீனுக்கு அடியில் வைத்து வெளியே போகிற சமாச்சாரமும் போகாது. அது என்ன சமாச்சாரம் என்று இரண்டு வீட்டுப் பெண்களும் கேட்டதில்லை. கேட்காமலே தெரிந்தது.

பிரிந்து வந்த அப்பா முதல் வேலையாகத் தோல்வியை ஒழித்தார். வாத்தியார் காலத்தில், பிடியில் மாட்டியவன் எதிராளியின் உடம்பில் தட்டினால் 'போதும், விடு' என்று அர்த்தம். ஷெட்டில் இன்றைக்கும் அப்படித்தான். அப்பா அதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார். ஐஸ் வீட்டில் தட்டினால் 'தாங்குகிறேன், இன்னும் இறுக்கு' என்று அர்த்தம். தட்டுவது நின்றால்தான் பிடியை விட வேண்டும். "தோத்துட்டேன்னு சொல்ல வழி வெச்சா எல்லாவனும் சொல்லிடுவான்" என்பார். அதனால் அந்தக் கூடத்தில் அடிக்கடி யாராவது மயங்கி விழுந்தார்கள். முகத்தில் தெளிக்க ஐஸ் தண்ணீருக்கு மட்டும் அந்த வீட்டில் பஞ்சமே இல்லை.

அவளும் அந்தப் பாயில் புரண்டு வளர்ந்தவள்தான். பகலில் ஐஸ் உடைக்கிற மெஷின், சாயங்காலம் கூடம். கை இரண்டும் காய்ப்புக் காய்த்துக் கிடந்தன. வெல்டர் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என் கையே தேவல" என்றான். அவனுக்கு அப்போது பாதி கட்டி நின்றுபோன ஒரு அடுக்குமாடியில் ஜன்னல் கம்பி வைக்கிற வேலை இருந்தது. மூன்றாவது மாடியில் கதவில்லாத ஒரு அறை. காலி சிமென்ட் சாக்குகளைத் தட்டி விரித்து, அதன்மேல் தார்ப்பாயைப் போட்டு இரண்டு பேரும் சண்டை பழகினார்கள். வேறு ஜோடிகள் சினிமாவுக்குப் போவார்கள். இவர்களுக்குத் தெரிந்தது இது.

முதல் நாள் அவன் பின்னாலிருந்து அவள் கழுத்தைக் கையால் வளைத்துப் பூட்டுப் போட்டான். அவள் அவன் தொடையில் தட்டினாள். அவன் சட்டென்று விட்டுவிட்டான். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏன் விட்ட?"

"நீதானே தட்டுன."

"தட்டுனா விட்டுடுவியா?"

"பின்ன, கொன்னுடவா?"

அவள் தன் வீட்டு வழக்கத்தைச் சொன்னாள். அவன் வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, "உங்கப்பாவுக்கு மண்டையில ஏதோ கழண்டிருக்கு" என்றான். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஆனால் அன்றிலிருந்து அவளுக்காக அவன் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ள ஆரம்பித்தான். தவழ்கிற வயதிலிருந்து பாயில் பழகிய கையை மாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. பல தடவை தப்பாக விட்டான், திட்டு வாங்கினான். ஒரு மழைக்காலம் போய் வெயில் வருவதற்குள் அவன் கைக்குப் புதுப் பாஷை வந்துவிட்டது. அவள் தட்டினால் யோசிக்காமலே இறுகியது, தட்டு நின்ற கணமே தளர்ந்தது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க வீட்டு மாப்பிள்ளை ஆயிட்ட" என்று கேலி செய்தாள். அவனுக்கும் உச்சி குளிர்ந்தது.

அந்த வெயில்காலத்தில்தான் கேட்டில் பெரிய கலவரம் நடந்தது. ஷெட்டு ஆள் ஒருவனுக்குக் கால் போனது, ஐஸ் வீட்டு ஆள் ஒருவனுக்குக் கண் போனது. போலீஸ் மீன் பெட்டிகளைக் கிளற ஆரம்பித்தது. இரண்டு வீட்டுக்கும் பிழைப்பில் மண் விழும் போலிருந்ததால், இரண்டு வீட்டுத் தலைகளும் எடைமேடைக்காரரிடம் போனார்கள். லாரிகளை எடை போடும் மேடை அவருடையது. இரண்டு வீட்டு லாரியும் அவர் மேடை ஏறித்தான் ஆக வேண்டும் என்பதால் அவர் பேச்சுக்கு ஒரு மரியாதை இருந்தது.

அவர் வழி சொன்னார். வீட்டுக்கு ஒரு ஆள், ஆயுதம் இல்லாமல், அவருடைய கிடங்குக்குள் போக வேண்டும். ஷட்டரை இறக்கிவிடுவார்கள். வேடிக்கை பார்க்க ஒருவரும் கூடாது, பார்ப்பவர்களால்தான் எப்போதும் கலவரம் வருகிறது. வாயாலோ கையாலோ தோல்வி சொன்னவனின் வீடு கேட்டை விட்டுப் போய்விட வேண்டும். தோல்வி சொன்ன பிறகும் எவனாவது விடாமல் கொன்றால், அவனை எதிர்வீட்டுக்காரர்கள் கையில் ஒப்படைத்துவிட வேண்டும், அவர்கள் பாடு. தோல்வி சொல்லாமலே ஒருவன் எழுந்திருக்காமல் போனால், சண்டை முடியவில்லை என்று அர்த்தம். அந்த வீட்டிலிருந்து அடுத்த ஆள் போகலாம்.

ஷெட்டிலிருந்து வெல்டர் என்று முடிவாயிற்று. ஐஸ் வீட்டிலிருந்து அண்ணன்.

இதில் யார் ஜெயித்தால் அவளுக்கு என்ன? இரண்டு பேரும் உயிரோடு வெளியே வர வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. ஆனால் பேச்சு வெளியே கசியக்கூடாதென்று அப்பா வீட்டிலிருந்த எல்லா போனையும் வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டார். வாசலில் ஆள் நிறுத்திவிட்டார். வெல்டரைப் பார்க்கவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை.

மிச்சமிருந்தது அண்ணன். ஐஸ் வீட்டில் பிறந்து குளிர் தாங்காத ஒரே ஜீவன் அவன்தான். நல்ல வெயிலிலும் ஸ்வெட்டரோடு திரிவான். சண்டைக்கு முந்தின நாள் மத்தியானம் ஐஸ் ஏற்றும் மேடையில் வெயில் விழுகிற பக்கமாகப் பார்த்து உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"என்ன கழுதை, மூஞ்சி தொங்குது?"

"ஜெயிச்சிடுவியா?"

"நின்னு அடிச்சா நான் ஜெயிப்பேன். கீழ விழுந்தா அவன். அவன் கழுத்துப் பூட்டுலருந்து எவனும் வெளிய வந்ததில்லன்னு சொல்றாங்க." சாதாரணமாகச் சொன்னான். ஆனால் கை தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"மாட்டிக்கிட்டா தட்டு."

"தட்டுனா இறுக்குன்னு அர்த்தம். உனக்கென்ன, அப்பா பேச்சு மறந்துபோச்சா?"

"அது நம்ம வீட்டுல. அவங்க வீட்டுல தட்டுனா விடுன்னு அர்த்தம். உள்ள நீயும் அவனும் மட்டும்தான். தட்டு, அவன் விட்டுடுவான்."

"தட்டுனா கேட் போயிடும்."

"போனா போகட்டும்."

"அப்பா?"

"அப்பா ஐஸ் வித்துப் பொழைக்கட்டும். ஊர்ல எல்லாரும் அப்படித்தானே பொழைக்கிறாங்க."

அண்ணன் மார்க்கெட் கூரையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "அந்த வெறியில அவன் விடுவான்னு என்ன நிச்சயம்?"

"விடுவான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அண்ணன் அவள் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தான். அவனுக்கு விளங்க அதிக நேரம் ஆகவில்லை.

"எப்போலருந்து?"

"உனக்குத் தையல் போட்ட அன்னைக்கு."

"அடிப்பாவி. என் நெத்தி கிழிஞ்சு உனக்கு வரன் அமைஞ்சிருக்கு." அவன் தழும்பைத் தடவிக்கொண்டான். சிரிப்பு வந்தது, உடனே போயும் விட்டது. "நல்லவனா?"

"நல்லவன்."

"சரி. மாட்டிக்கிட்டா தட்டுறேன். அப்பாகிட்ட அடி வாங்கும்போது நீயும் பக்கத்துல நிக்கணும்."

அவள் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டாள். இதை நினைக்கும்போதுதான் அவள் மேல் பாவமாகவும் ஆத்திரமாகவும் வருகிறது. அண்ணன் தட்டினால் விட்டுவிடு என்று வெல்டருக்கு எப்படியாவது ஒரு வார்த்தை சொல்லியனுப்ப வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. ஷெட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு ஷெட்டு வழக்கத்தை யாராவது நினைவுபடுத்துவார்களா? அவள் மூளையில் வெல்டர் ஷெட்டுக்காரன். மூன்றாவது மாடியில் பழகியது அவர்கள் இரண்டு பேருக்குள் நடக்கிற ஒரு கொஞ்சல். அந்தக் கொஞ்சலுக்காக அவன் தன் கையையே மாற்றிக்கொண்டுவிட்டான் என்பதும், ஐஸ் வீட்டு ஆளோடு மல்லுக்கு நிற்கும்போது அந்தக் கைக்கு ஐஸ் வீட்டுப் பாஷைதான் ஞாபகம் வரும் என்பதும் அவளுக்கு உறைக்கவில்லை.

மறுநாள் சண்டை நேரத்தில் அவள் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். தேவைக்கு மேலேயே ஐஸை உடைத்துத் தள்ளினாள். அந்தச் சத்தத்தில் வேறெதுவும் காதில் விழாது. அப்பாவும் ஆட்களும் கிடங்குக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காரப் போயிருந்தார்கள்.

ஐஸ் லாரி டிரைவர்தான் முதலில் ஓடிவந்தார். அவளைப் பார்த்ததும் நின்றார். மெஷினை அவரே போய் நிறுத்தினார்.

"அண்ணன் போயிட்டாரும்மா."

அவளுக்கு அது காதில் விழுந்தும் உள்ளே இறங்கவில்லை. எங்கே போய்விட்டான் என்று கேட்கத் தோன்றியது. டிரைவர் தானாகவே பேசிக்கொண்டு போனார். அவளுக்கு ஆறுதல் சொல்வதாக அவருக்கு நினைப்பு.

"சிங்கம்மா அவரு. கடைசி வரைக்கும் தட்டிக்கிட்டே இருந்தாராம். அந்த ஷெட்டுப் பையனே வெளிய வந்து சொல்றான். நிறுத்தாம தட்டுனாராம். தட்டு நின்னதும் பையன் விட்டுட்டானாம். விட்டதும் எழுந்திருப்பாருன்னு பார்த்தானாம். எழுந்திருக்கலம்மா. குரல்வளை நொறுங்கியிருக்கு."

அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கீழே உடைந்த ஐஸ் கிடந்தது, அதன்மேலேயே உட்கார்ந்தாள். டிரைவர் சொன்ன அந்த ஒரு சொல்லில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நிறுத்தாமல் தட்டினான். விடு என்று கெஞ்சியிருக்கிறான். ஒவ்வொரு கெஞ்சலுக்கும் அந்தக் கை இறுகியிருக்கிறது. அண்ணனுக்குத் தட்டச் சொல்லிக்கொடுத்தது அவள். அந்தக் கைக்கு இறுகச் சொல்லிக்கொடுத்ததும் அவள்.

அண்ணனைக் கொண்டுவந்து குளிர் அறையில் கிடத்தினார்கள். அவள் ஸ்வெட்டரை எடுத்து வந்து அவனுக்குப் போட்டுவிடப் பார்த்தாள். கை மடங்கவில்லை, மேலே போர்த்திவிட்டு வந்தாள். வந்தவர்களிடமெல்லாம் அப்பா ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்: "இறுக்கு, இறுக்குன்னு சொல்லிக்கிட்டே செத்தான் என் பையன்." அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது, கழுத்து மட்டும் நிமிர்ந்திருந்தது. அந்தப் பெருமையைப் பார்க்க அவளுக்குக் குமட்டியது.

அடக்கம் முடிந்த மறுநாள் எடைமேடைக்காரர் இரண்டு வீட்டையும் கூப்பிட்டார். பிள்ளைகளில் மிச்சமிருந்தவள் அவள் ஒருத்திதான் என்பதால் அப்பா அவளையும் கூட வரச் சொன்னார். எடைமேடையின் கண்ணாடி அறை மிகச் சின்னது. ஒரு மேஜை, எண் காட்டுகிற ஒரு பெட்டி, அழுக்கு ஃபேன். எடைமேடைக்காரர் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் அப்பாவும் அவளும், எதிரே பெரியப்பாவும் வெல்டரும். வெல்டர் இளைத்துப்போயிருந்தான். அவள் பக்கம் பார்க்காமல் இருக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தான்.

பெரியப்பா சுற்றி வளைக்கவில்லை. "தட்டினான்னு ஆச்சில்ல? தட்டினா தோல்வி. வாத்தியார் காலத்துலருந்து அதான் வழக்கம். கேட் எங்களுக்கு."

"எங்க வீட்டுல தட்டினா இறுக்கு" என்றார் அப்பா. "என் பையன் தோக்கல. சண்டை இன்னும் முடியல. அடுத்த ஆள் நான். எதிர்ல இதே பையன் வரட்டும்."

அப்பாவின் கையில் மாட்டினால் என்ன ஆகும் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். நிஜச் சண்டையில் அவர் யாரையும் வெறும் மயக்கத்தோடு விட்டதில்லை.

எடைமேடைக்காரர் பெரியப்பாவைப் பார்த்தார். "தட்டினது தோல்விதான்னு நீ சொன்னா, தோல்வி சொன்னவனை உன் பையன் விடாம கொன்னிருக்கான். அப்போ கேட் உனக்கு, பையன் அவங்களுக்கு. யோசிச்சுச் சொல்லு."

பெரியப்பா முகத்தில் ஈயாடவில்லை. மெல்லத் திரும்பி வெல்டரைப் பார்த்தார். கேட் வேண்டுமா, தம்பி மகன் வேண்டுமா என்று அவர் மனதுக்குள் கணக்குப் போடுவது அப்பட்டமாகத் தெரிந்தது. கணக்கு சீக்கிரம் முடியாமல் இழுத்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"தம்பி, நீ சொல்லு" என்றார் எடைமேடைக்காரர். "உங்க வீட்டுல தட்டினா விடணும். உனக்குத் தெரியாததா? ஏன் விடல?"

வெல்டர் வாயைத் திறக்கவில்லை. தட்டினால் இறுக்கு என்று எனக்குத் தெரியும் என்றால், யார் சொன்னது என்று கேட்பார்கள். அதற்காகத்தான் வாயைப் பூட்டிக்கொண்டு கொலைகாரனாக நிற்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அவள் பேசாவிட்டால் ஒன்று அப்பாவோடு அந்த ஷட்டருக்குள் போவான், இல்லையென்றால் இப்போதே இங்கிருந்து அப்பா ஆட்களோடு போவான். எப்படிப் போனாலும் திரும்பப்போவதில்லை. பேசினால் அவன் பிழைப்பான். ஆனால் எதைக் கேட்டுவிட்டுப் பிழைப்பான் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"அவனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்" என்றாள்.

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"நம்ம வீட்டு வழக்கத்தை நான்தான் அவனுக்குப் பழக்கினேன். தட்டினா இறுக்கணும், நின்னா விடணும்னு. அண்ணன் நம்ம வீட்டு ஆள்தானேன்னு அவன் அப்படியே செஞ்சான். அவன் மேல தப்பில்ல." மூச்சு வாங்கிக்கொண்டு அப்பா பக்கம் திரும்பினாள். "ஆனா அண்ணன் தாங்குறேன்னு தட்டலப்பா. விடச் சொல்லித்தான் தட்டினான். ஷெட்டுல தட்டினா விட்டுடுவாங்க, மாட்டிக்கிட்டா தட்டுன்னு முந்தின நாள் அவன்கிட்ட நான்தான் சொன்னேன். சரின்னான். அண்ணன் தோத்துட்டான். சண்டை முடிஞ்சிருச்சு."

அப்பா கையை ஓங்குவார் என்று எதிர்பார்த்தாள். அவர் ஓங்கவில்லை. நம்ப முடியாமல் ஏதோ ஒரு சில்லறைக் கேள்வி கேட்டார். "எங்க வெச்சுப் பழக்கின?"

"பாதியில நின்ன பில்டிங்ல. மூணாவது மாடியில."

அவர் தலையை ஆட்டினார், ஏதோ விலாசம் கேட்டுத் தெரிந்துகொண்டவர் மாதிரி. இத்தனை நாள் நிமிர்ந்திருந்த கழுத்து தொங்கிப்போனது. "கேட்டை எடுத்துக்கச் சொல்லு. அந்தப் பையன் எனக்கு வேணாம்" என்று எடைமேடைக்காரரிடம் சொல்லிவிட்டு வெளியே போனார். அவளை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பெரியப்பா முகத்தில் சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல் அவர் பின்னாலேயே போனார். எடைமேடைக்காரர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, வெளியே நின்ற லாரியைக் கவனிக்க எழுந்து போனார்.

வெல்டர் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. இப்போதுதான் அவளை நேராகப் பார்த்தான்.

"முதல் தட்டுலயே விடத்தான் சொன்னாரா?"

பொய் சொல்லியிருக்கலாம். முதலில் தாங்கினான், கடைசியில்தான் கேட்டிருப்பான் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டு அவளுக்கு அது வரவில்லை.

"ஆமா."

அவன் குரல் தாழ்ந்து, அவளுக்கு மட்டும் சொல்வது போல் வந்தது.

"தட்டத் தட்ட எனக்கு அவரு மேல மரியாதை வந்துச்சு. என்னமா தாங்குறாருன்னு. உன்கிட்ட சொல்லணும், உங்கண்ணன் மாதிரி ஒரு ஆளை நான் பார்த்ததில்லன்னு சொல்லணும், நீ சந்தோஷப்படுவன்னு நெனச்சுக்கிட்டேதான் இறுக்கினேன்."

சொல்லிவிட்டு அவன் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். அவள் கூப்பிடவில்லை.